கேள்வி கேட்பவருக்கான இருக்கை: டிராமாடர்க் பணி குறித்த ஒரு நினைவு

எழுத்தில் இருக்கும் ஒரு நாடகம் மேடைக்கு வரும்போது அதில் எது இருக்க வேண்டும், எது எந்த வரிசையில் வர வேண்டும், ஒரு காட்சி அடுத்த காட்சியை எவ்வாறு தவிர்க்க முடியாததாக்குகிறது, இந்த ஊரில் இந்தக் காலத்தில் வந்து அமர்பவருக்கு அது என்ன சொல்லப்போகிறது என்னும் கேள்விகளை ஆராயும் துறை டிராமாடர்ஜி எனப்படுகிறது. அக்கேள்விகளை ஒரு குழுவுக்குள் இருந்துகொண்டே நாடகாசிரியரிடமும் இயக்குநரிடமும் நடிகரிடமும் ஓயாது எழுப்பும் பொறுப்பை ஏற்பவர் டிராமாடர்க். அவர் நாடகத்தை எழுதுபவரோ இயக்குபவரோ நடிப்பவரோ அல்லர். ஆயினும் இம்மூவரும் செய்கின்ற வேலை ஒரே நாடகத்திற்கான வேலையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பவர். ஜெர்மானிய அரங்குகளில் இது நெடுங்காலமாகவே ஊதியத்துடன் கூடிய பதவியாக இருந்துவருகிறது. தமிழ் அரங்கில் அப்பணி நடந்திருக்கிறதே தவிர, அதற்கென ஓர் இருக்கையோ ஊதியமோ பெரும்பாலும் ஒதுக்கப்பட்டதில்லை. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கொங்குப் பகுதியைச் சேர்ந்த ஒரு சிறு குழு ஹென்ரிக் இப்சனின் ‘மக்கள் பகைவன்’ நாடகத்தைத் தமிழில் மேடையேற்றியபோது அப்பணியைச் செய்த ஒருவரை நினைவுகூர்வதும், அந்நினைவின் வழியே அப்பணியின் பொருளை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பணியின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் ஹாம்பர்க் நகரிலிருந்தே தொடங்குகின்றனர். 1767ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அந்நகரின் வணிகர்கள் சிலர் பொருளுதவி செய்து ஒரு தேசிய அரங்கைத் தொடங்கியபோது, காட்ஹோல்ட் எஃப்ராயிம் லெஸ்ஸிங் என்னும் நாடகாசிரியரை அதற்கு அழைத்தனர். அரங்கின் தேவைக்கேற்ப அவ்வப்போது நாடகம் எழுதித் தருவது தமக்கு இயலாது என்று லெஸ்ஸிங் கூறிவிட்டமையால், அங்கு நிகழ்த்தப்படும் நாடகங்களை ஆராய்ந்து எழுதும் பணி அவருக்குத் தரப்பட்டது. அவ்வாறு 1767 முதல் 1769 வரை அவர் எழுதிய 104 சிறு கட்டுரைகளின் தொகுதியே ‘ஹாம்பர்க் டிராமாடர்ஜி’ என்று பெயர்பெற்றது. தொடக்கத்தில் நடிகர்களின் நடிப்பையும் அவர் மதிப்பிட்டு எழுதினார். அது மனத்தாங்கலுக்கு இடமளித்ததால் விரைவிலேயே அதை நிறுத்திக்கொண்டு, நாடகம் எவ்வாறு இயங்குகிறது என்னும் ஆராய்ச்சியிலேயே தங்கிவிட்டார். அரங்கு இரண்டாண்டுகளில் மூடப்பட்டது, நூல் நிலைத்துவிட்டது.

லெஸ்ஸிங்கின் முறையை விளக்க ஓர் எடுத்துக்காட்டு போதும். வோல்டேரின் ‘செமிராமிஸ்’ நாடகத்தில் ஓர் ஆவி பட்டப்பகலில், அரசவையினர் கூடியிருக்கும் இடத்தில் வந்து நிற்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்திலும் ஆவி வருகிறது. ஆனால் அது நள்ளிரவில், குளிரில், காவலர் அஞ்சிக்கொண்டிருக்கும் வேளையில் வருகிறது. ஆவிகள் உண்டா இல்லையா என்னும் விவாதத்தை லெஸ்ஸிங் ஒதுக்கிவைத்துவிட்டு, பார்வையாளரின் அச்சம் எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்டார். ஆவியைக் காணும் ஹாம்லெட்டின் நடுக்கத்தின் வழியாகவே பார்வையாளர் நடுங்குகின்றனர் என்பதும், வோல்டேரின் அவையிலோ அத்தனை பேர் கூடியிருந்தும் அச்சத்தைத் தாங்கி நம்மிடம் கொண்டுவரும் மனிதர் இல்லை என்பதும் அவர் கண்டு சொன்ன விடை. நன்று, தீது என்னும் தீர்ப்போடு நில்லாமல் ஒரு காட்சி எந்த வழியில் பார்வையாளரை வந்தடைகிறது, எந்த இடத்தில் தடைபடுகிறது என்று காட்டுவதே டிராமாடர்கின் ஆராய்ச்சி.

லெஸ்ஸிங் நிகழ்த்தப்பட்ட நாடகத்தைப் பற்றி எழுதினார். பின்வந்த காலத்தில் இவ்வாராய்ச்சி ஒத்திகைக் கூடத்திற்குள்ளேயே நுழைந்தது. பெர்டோல்ட் பிரெக்ட் தம் இளமையில் மியூனிக்கிலும் பெர்லினிலும் டிராமாடர்காகப் பணிபுரிந்தவர். 1949இல் அவரும் ஹெலன் வைகலும் தொடங்கிய பெர்லினர் என்செம்பிள் குழுவில் பிரதியை ஆராய்வதும் ஒத்திகையைக் குறிப்பெடுப்பதும் நாடக ஆக்கத்தின் பிரிக்கமுடியாத பகுதிகளாயின. இங்கிலாந்தில் 1963இல் லாரன்ஸ் ஒலிவியரின் தலைமையில் தேசிய அரங்கு தொடங்கப்பட்டபோது, விமர்சகர் கென்னத் டைனன் இலக்கிய மேலாளர் என்னும் பெயரில், எந்த நாடகங்களை ஏன் நிகழ்த்த வேண்டும் என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பை ஏற்றார். இவ்வாறு நாடகத்தைத் தேர்ந்தெடுப்பது, மொழிபெயர்ப்புகளை ஒப்பிடுவது, பின்னணிச் செய்திகளைத் திரட்டுவது, எதை வெட்டலாம் எதை வெட்டக்கூடாது என்று வாதிடுவது, நிகழ்ச்சிக்குப் பின் பார்வையாளரோடு உரையாடுவது என அப்பணி விரிந்தது.

கொங்குப் பகுதிக் குழுவில் இப்பணியைச் செய்தவர் ஓய்வுபெற்ற ஒரு கல்லூரித் தமிழ்ப் பேராசிரியை. குழுவில் எல்லோரும் அவரை ‘டீச்சர்’ என்றே அழைத்தனர். அவர் செய்த வேலைக்கு உலகில் ஒரு பெயர் உண்டு என்பது அன்று குழுவினர் பலருக்கும் தெரியாது. ஒத்திகை நடந்த கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் இயக்குநருக்குச் சற்றுத் தள்ளி, தம்முடைய பிரதியை விரித்துவைத்துக்கொண்டு அவர் அமர்ந்திருப்பார். நடிகர் நகரும் இடங்களைப் பற்றியோ குரலைப் பற்றியோ அவர் ஒருபோதும் எதுவும் சொன்னதில்லை. அவை இயக்குநரின் எல்லைக்குள் வருபவை என்பதில் உறுதியாக இருந்தார். அவருடைய குறிப்புகள் யாவும் ஒத்திகை முடிந்தபின் இயக்குநரிடம் தனியே சொல்லப்பட்டன. நடிகரிடம் அவர் நேரடியாகக் கேட்டவை இயக்குநர் இசைவளித்த கேள்விகள் மட்டுமே. டிராமாடர்கின் அதிகாரம் கட்டளையில் இல்லை, கேள்வியின் கூர்மையில்தான் இருக்கிறது என்பதை அந்த ஒழுங்கு எல்லோருக்கும் உணர்த்தியது.

நாடகத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். நார்வேயின் கடலோரச் சிற்றூர் ஒன்றில் மருத்துவக் குளியல் நிலையம் தொடங்கப்பட்டு, ஊரே அதை நம்பிச் செழித்துவருகிறது. அந்நிலையத்தின் மருத்துவரான தாமஸ் ஸ்டாக்மன், குளியல் நீரில் நச்சு கலந்திருப்பதை ஆய்வகச் சோதனையின் மூலம் கண்டறிகிறார். நச்சு மேட்டுப் பகுதியிலுள்ள தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலிருந்து வருகிறது. அவற்றில் ஒன்று மருத்துவருடைய மனைவியை வளர்த்த தந்தையான மார்ட்டன் கீலுக்குச் சொந்தமானது. மருத்துவரின் அண்ணனும் நகரத் தலைவருமான பீட்டர் உண்மையை மறைக்க முயல்கிறார். முதலில் மருத்துவரை ஆதரித்த செய்தித்தாள் ஆசிரியர் ஹோவ்ஸ்டாடும் அச்சக உரிமையாளர் அஸ்லாக்சனும் கைவிடுகின்றனர். ஊர்க்கூட்டம் அவரை மக்கள் பகைவன் என்று அறிவிக்கிறது. ‘பேய்கள்’ நாடகத்திற்காக 1881இல் கடுமையாகத் தூற்றப்பட்ட இப்சன், மறு ஆண்டே இந்நாடகத்தை வெளியிட்டார்.

இந்நாடகம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் நொய்யல். திருப்பூரின் சாயப்பட்டறைகளிலிருந்து வெளியேறிய கழிவு நொய்யலாற்றில் கலந்து, பாசனத்திற்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்மடை விவசாயிகளின் கிணறுகளை உப்பாக்கிக்கொண்டிருந்த காலம் அது. எனவே, குளியல் நிலையத்தை எடுத்துவிட்டு நொய்யலை வைக்கலாம், தோல் தொழிற்சாலையைச் சாயப்பட்டறையாக்கலாம், பாத்திரங்களுக்குக் கொங்குப் பெயர்களைச் சூட்டலாம் என்று குழுவில் பெரும்பாலோர் கருதினர். சத்யஜித் ராய் 1989இல் ‘கணசத்ரு’ திரைப்படத்தில் இதே நாடகத்தை வங்காளத்தின் ஒரு சிற்றூருக்குக் கொண்டுவந்து, குளியல் நீரின் இடத்தில் கோயில் தீர்த்தத்தை வைத்திருந்தது அதற்கு முன்னுதாரணமாகக் காட்டப்பட்டது.

டீச்சர் அக்கருத்தை மறுக்கவில்லை. இரண்டு வழிகளிலும் எது கிடைக்கும், எது போகும் என்று தாளில் எழுதிக்கொண்டு வந்தார். ராய் நீரை மட்டும் மாற்றவில்லை, தீர்த்தத்தை வைத்ததன் மூலம் அறிவியலுக்கும் நம்பிக்கைக்கும் இடையிலான புதியதொரு மோதலையே கதைக்குள் கொண்டுவந்தார் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். நொய்யலை அப்படியே மேடையில் வைத்தாலோ, இன்ன பாத்திரம் இன்ன முதலாளி என்று கண்டுபிடிப்பதிலேயே பார்வையாளரின் கவனம் போய்விடும். அம்முதலாளியை நம்பி வாழும் நூற்றுக்கணக்கானோர் அதே கூட்டத்தில் அமர்ந்திருப்பார்கள் என்பதையும், தம் கூலி எங்கிருந்து வருகிறது என்னும் கேள்வியிலிருந்து ஒவ்வொருவரும் எளிதாகத் தப்பிவிடுவார்கள் என்பதையும் அவர் சுட்டினார். நார்வேப் பெயர்கள் அப்படியே இருக்கட்டும், தோல் தொழிற்சாலை மூலத்திலேயே இருக்கிறது, இந்த மண்ணில் அமர்ந்து பார்ப்பவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை என்பது அவர் வாதம். நீண்ட விவாதத்திற்குப் பின் இயக்குநர் அதை ஏற்றார்.

அஸ்லாக்சன் பாத்திரத்தை ஏற்றிருந்தவர் இக்கட்டுரையாளர். இரண்டாம் அங்கத்தில் மருத்துவருக்கு ஊரின் பெரும்பான்மையே துணை நிற்கும் என்று உறுதியளிக்கும் அஸ்லாக்சன், மூன்றாம் அங்கத்தில் அதே மருத்துவரின் கட்டுரையை அச்சிட மறுக்கிறார். ஒத்திகையில் இம்மாற்றம் ஒரு கோழையின் பல்டியாகவே நடிக்கப்பட்டுவந்தது. ஒருநாள் டீச்சர் பிரதியைக் கையில் கொடுத்து, “தம்பி, இந்த ஆளு எந்த வரியில பயந்தாரு, காட்டுங்க பாக்கலாம்” என்று கேட்டார். தேடிப் பார்த்தபோது, நகரத் தலைவர் பத்திரிகை அலுவலகத்திற்கு வந்து மிரட்டும் இடம் எதுவும் அங்கில்லை. குழாய்களை மாற்றி அமைக்கும் செலவை நகரமே கடன் வாங்கி ஏற்க வேண்டியிருக்கும், நிலையத்தை இரண்டாண்டுகள் மூட வேண்டியிருக்கும் என்று மட்டுமே அவர் சொல்கிறார். அஸ்லாக்சன் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் தலைவர். அச்செலவு யார் தலையில் விழும் என்று அவர் கணக்குப் போடும் இடமே அவர் மாறும் இடம். அன்று முதல் அக்காட்சியில் அஸ்லாக்சன் நடுங்குவதை விட்டுவிட்டுக் கணக்குப் பார்க்கத் தொடங்கினார். அதன் விளைவாக அவர் முன்னைவிட அச்சமூட்டுபவராகவும், பார்வையாளருக்கு நன்கு அறிமுகமானவராகவும் ஆனார். ஒரு சொல் கூட மாற்றப்படாமல் ஒரு காட்சியின் பொருள் முழுவதும் மாறியது.

நான்காம் அங்கமே இந்நாடகத்தின் மிகக் கடினமான பகுதி. மருத்துவர் தம் கண்டுபிடிப்பை ஊருக்குச் சொல்லக் கூட்டம் கூட்டுகிறார். அஸ்லாக்சன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். குளியல் நிலையத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று கூட்டம் தடுத்துவிடுகிறது. தடுக்கப்பட்ட மருத்துவர் வேறொன்றைப் பேசத் தொடங்கி, பெரும்பான்மை எப்போதும் தவறானது என்று முழங்கி, தெருநாயையும் தலைமுறை தலைமுறையாகப் பேணி வளர்க்கப்பட்ட உயர்ரக நாயையும் ஒப்பிட்டு மனிதரிலும் அத்தகைய வேறுபாடு உண்டு என்று வாதிடுகிறார். அந்த வேறுபாடு செல்வத்தையோ பதவியையோ பொறுத்ததன்று என்றும், தம் அண்ணனையே மனத்தால் கீழானவர் என்றும் அவர் சொல்வது உண்மைதான். ஆயினும் வளர்ப்பையும் வம்சத்தையும் கொண்டு மனிதரைத் தரம் பிரிக்கும் ஒரு வாதம், சாதியால் பிளவுண்ட ஓர் ஊரின் மேடையில் கதாநாயகனின் வாயிலிருந்து கைதட்டலை எதிர்பார்த்து ஒலித்தால் என்ன ஆகும் என்பது விட்டுவிடக்கூடிய கேள்வியன்று.

இதற்கு உலகம் கண்ட விடைகள் உண்டு. ஆர்தர் மில்லர் 1950இல் இந்நாடகத்தை அமெரிக்க மேடைக்குத் தழுவியபோது, பிறப்பால் சிலர் உயர்ந்தவர் என்று பொருள்படும் இப்பகுதியை நீக்கினார். நாஜிகளின் இனக்கொள்கையை உலகம் கண்டு அதிக காலம் ஆகியிருக்கவில்லை. பிற்காலத்தில், 2012இல் பெர்லினின் ஷாவ்பூனே அரங்கில் தாமஸ் ஆஸ்டர்மையர் இயக்கிய ஆக்கத்தில், ஃப்ளோரியன் போர்ஷ்மையர் அமைத்த பிரதி அவ்வுரையின் இடத்தில் சமகால அரசியல் உரையொன்றை வைத்து, பார்வையாளரையே விவாதத்திற்கு அழைத்தது. அந்நாடகம் 2018இல் பெய்ஜிங்கில் நிகழ்ந்தபோது பார்வையாளர் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியதைத் தொடர்ந்து, நான்ஜிங்கில் நடக்கவிருந்த நிகழ்ச்சிகள் ரத்து செய்யப்பட்டன.

கொங்குக் குழுவின் இயக்குநர் மில்லரின் வழியிலேயே அப்பகுதியை வெட்டிவிட விரும்பினார். டீச்சர் வெட்டுவதற்கு எதிராக வாதிட்டார். ஆனால் உள்ளபடியே விட்டுவிடுவதற்கும் எதிராகவே வாதிட்டார். நீரைப் பற்றிப் பேசக் கூட்டப்பட்ட கூட்டத்தில் நீரைப் பற்றிய ஒரு சொல்லும் பேசப்படாமல் போவதே இந்த அங்கத்தின் அமைப்பு என்பதை அவர் முதலில் காட்டினார். தண்ணீர் பற்றிய பேச்சைத் தடுத்தது கூட்டத்தின் குற்றம். அத்தடையால் சினமுற்று மனிதரை இழிவுபடுத்தியது மருத்துவரின் குற்றம். இரண்டும் ஒரே காட்சியில் நிகழ்வதால்தான் இது பிரசாரத்திலிருந்து நாடகமாக உயர்கிறது. அதுவரையான ஒத்திகைகளில் கூட்டத்தினர் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே குரலில் கூச்சலிட்டனர். மூலப்பிரதியிலோ குறுக்கீடுகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்தால் எழுகின்றன என்று அவர் வரிசைப்படுத்திக் காட்டினார். அதன்படி, தொடக்கத்துக் கூச்சல் தன்னலத்தின் கூச்சலாகவும், நாய் உவமை வரும் இடத்துச் சினம் தன்மானத்தின் சினமாகவும் பிரிக்கப்பட்டது. அவ்விடத்தில் கூட்டத்தில் கூலித் தொழிலாளராக நின்ற இரு நடிகர்கள் கத்தாமல் எழுந்து நின்றனர், அவ்வளவே. மருத்துவராக நடித்தவர் அவர்களைப் பார்த்ததும் ஒரு கணம் நிறுத்தி, பிறகு முன்னைவிட உரக்கப் பேசினார். உண்மையைக் கண்டவர் மனிதரைக் காணத் தவறுகிறார் என்பது எவரும் எடுத்துச் சொல்லாமலே விளங்கியது.

நொய்யல் கரையை ஒட்டிய ஒரு கிராமத்துப் பள்ளி மைதானத்தில் நாடகம் நிகழ்ந்தபின் பார்வையாளருடன் உரையாடல் நடந்தது. ஆற்றைக் காப்பாற்றுவது பற்றியே பலரும் பேசிக்கொண்டிருக்க, சாயப்பட்டறையில் வேலை செய்பவர் ஒருவர் எழுந்து, “ஏனுங்க, அந்த ரெண்டு வருசமும் அங்க வேல செய்யறவங்க சோத்துக்கு என்னங்க பண்ணுவாங்க?” என்று கேட்டார். டீச்சர் அதற்கு விடை சொல்லவில்லை. அடுத்த ஒத்திகையில் பிரதியைத் திறந்து, குளியல் நிலையத்தின் தொழிலாளர் ஒருவர்கூட இந்நாடகத்தில் வாய் திறப்பதில்லை என்பதை முழுக் குழுவுக்கும் காட்டினார். அடுத்த ஊரில் பார்வையாளருக்குத் தரப்பட்ட அறிமுகத் தாளில் இப்சனின் வாழ்க்கைக் குறிப்பு சுருக்கப்பட்டு, அத்தொழிலாளரின் கேள்வி முதல் வரியாக அச்சிடப்பட்டது. பார்வையாளரிடமிருந்து வந்ததை நாடகத்திற்குள் திருப்பிக் கொண்டுசேர்ப்பதும் டிராமாடர்கின் பணியே என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இக்கட்டுரையாளரின் நினைவில் இல்லை. சில ஆண்டுகள் கழித்து, 2011 ஜனவரியில், சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது அத்தொழிலாளர் கேட்ட கேள்வியே ஊரின் கேள்வியாயிற்று.

இத்தகைய பணிக்கு உரிமையும் அங்கீகாரமும் எந்த அளவில் உண்டு என்பது பிற நாடுகளிலும் எளிதில் தீராத வழக்கு. ‘ரெண்ட்’ என்னும் அமெரிக்க இசைநாடகத்தின் ஆசிரியர் ஜொனாதன் லார்சன், 1996 ஜனவரியில் அது மேடையேறும் தறுவாயில் இறந்தார். அதன் டிராமாடர்காக இருந்து பிரதியைச் செப்பனிட உழைத்த லின் தாம்சன், தமக்கு இணையாசிரியர் உரிமை வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார். அவருடைய பங்களிப்பை மறுக்காத மேல்முறையீட்டு நீதிமன்றம், இருவரும் இணையாசிரியராக இருக்க வேண்டும் என்னும் எண்ணம் இருதரப்பிலும் இருந்திருக்க வேண்டும், இங்கே அது இல்லை என்று 1998இல் தீர்ப்பளித்தது. டிராமாடர்கின் உழைப்பு நாடகத்திற்குள் கரைந்துவிடுவதால், அதன் பெயரையும் ஊதியத்தையும் பணி தொடங்கும் முன்பே எழுத்தில் வரையறுக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பு குழுக்களுக்குத் தரும் பாடம்.

தமிழுக்கு இந்தச் சிந்தனை புதியதன்று. பரிதிமாற்கலைஞர் 1897இல் ‘நாடகவியல்’ என்னும் இலக்கண நூலை இயற்றினார். விபுலாநந்த அடிகள் 1926இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களை வடமொழி நாடக இலக்கணத்தோடு இணைத்து ஆராய்ந்தார். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக் குழுக்களின் வாத்தியாரும், மட்டக்களப்புக் கூத்தின் அண்ணாவியாரும் பிரதியைக் காப்பதையும் பயிற்றுவதையும் ஒருசேரச் செய்தவர்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இலங்கைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில், விடியவிடிய ஆடப்பட்ட கூத்துகளைச் சில மணிப் பொழுதுக்குள் அடங்கும் மேடை நாடகங்களாகச் செப்பனிட்டபோது, எதை விட்டால் கூத்து கூத்தாக இராது என்னும் கேள்விக்கு விடை தேட வேண்டியிருந்தது. அது டிராமாடர்ஜியின் அடிப்படைக் கேள்வி. இல்லாதது அறிவன்று, அந்த அறிவைத் தனியொரு பணியாக ஏற்று, அதைச் செய்பவரைக் குழுவின் முழு உறுப்பினராக மதிக்கும் வழக்கமே இல்லாதது.

கொங்குக் குழுவின் அறிமுகத் தாளில் ஒளியமைப்பு, ஒப்பனை, ஒலிபெருக்கி உதவி வரை எல்லோர் பெயர்களும் இருந்தன. டீச்சரின் பெயர் ‘நன்றி’ என்னும் தலைப்பின் கீழ், மண்டபம் தந்தவரின் பெயருக்கு அடுத்து இருந்தது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் இன்று இயங்கும் குழுக்கள், அடுத்த நாடகத்தின் முதல் வாசிப்பிலேயே கேள்வி கேட்பதற்கென்று ஒருவரை அமர்த்த வேண்டும். அவர் சொல்வதை ஏற்கவோ மறுக்கவோ இயக்குநருக்கு உள்ள உரிமையைப் போலவே, கேட்பதற்கு அவருக்குள்ள உரிமையையும் காக்க வேண்டும். அவருக்கு ஊதியம் தர வேண்டும். அவர் பெயரை நன்றியுரையில் ஒதுக்காமல், நாடகத்தை ஆக்கியவர்களின் வரிசையில் அச்சிட வேண்டும்.